தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா போகிறவர்களுக்கு: எந்த பிளக், எந்த அடாப்டர்?

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய முதல் நாள், இரவு பதினோரு மணி. போனில் நான்கு சதவீதம் சார்ஜ். கையில் 'உலகம் முழுவதற்கும் ஒன்றே போதும்' என்று அட்டையில் போட்டிருந்த கட்டையான அடாப்டர். பக்கத்தில் இருந்த பொத்தான்களைத் தள்ளத் தள்ள அமெரிக்கப் பின் வந்தது, இங்கிலாந்துப் பின் வந்தது, ஐரோப்பியப் பின் வந்தது, ஆஸ்திரேலியப் பின்கூட வந்தது. சுவரில் இருந்த ஓட்டைக்குப் பொருந்துகிற பின் மட்டும் வரவில்லை. முக்கோணமாக மூன்று பெரிய வட்ட ஓட்டைகள். கொஞ்ச நேரம் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகுதான் உறைத்தது. இதை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் கீசருக்குப் போட்ட பாயிண்ட் இதேதான்.

அன்றைக்கு விடுதி நடத்தும் அம்மா மேசை டிராயரைத் திறந்து ஒரு அடாப்டரை எடுத்துக் கொடுத்து என்னைக் காப்பாற்றினார். அந்த டிராயரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு அந்த அவஸ்தை வராமல் இருக்க, கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

படி 1: வோல்டேஜ் பயம் வேண்டாம்

ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுக்க 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் நம் வீட்டில் ஓடும் எந்தச் சாமானும் அங்கே ஓடும். பிளக்கின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை. வோல்டேஜ் கன்வர்ட்டர் என்று யாராவது கனமான பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.

இதில் விதிவிலக்கு அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கிய சாமான். அங்கே வாங்கிய ஹேர் டிரையரில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். போன், லேப்டாப், கேமரா சார்ஜர்களின் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று இருக்கும். அப்படி இருந்தால் எங்கே வாங்கியதாக இருந்தாலும் சரி.

படி 2: பிளக்கின் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்

பயணத் தளங்களில் எம், என், டி, ஜி என்று எழுத்துகளாகப் போட்டுக் குழப்புவார்கள். எழுத்தைவிட முகத்தை நினைவில் வைப்பது சுலபம்.

பெரிய வட்டப் பின் (எம்). மின்சாரம் வருகிற இரண்டு பின்களும் ஏழு மில்லிமீட்டர் தடிமன், ஏறக்குறைய ஒரு பென்சில் அளவு. எர்த் பின் அதைவிடத் தடிமன், நீளமும் அதிகம். நம் ஊர் 15 ஆம்ஸ் பிளக்கும் தென்னாப்பிரிக்காவின் பழைய பிளக்கும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. இரண்டுக்கும் மூலம் 1934இல் வந்த ஒரு பிரிட்டிஷ் தரநிலை. பிரிட்டனே 1947இல் அதைக் கைவிட்டு சதுரப் பின்னுக்கு மாறிவிட்டது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் வட்டப் பின்னை விடவில்லை.

சின்ன வட்டப் பின் (டி). நம் டிவி, லேப்டாப், டேபிள் ஃபேனில் இருக்கும் 5 ஆம்ஸ் பிளக், இப்போது 6 ஆம்ஸ் என்று அச்சிட்டிருக்கும். பின் ஐந்து மில்லிமீட்டர்தான். பலர் ஏமாறுவது இங்கேதான். நம் ஊர்ச் சமையலறையில் இருக்கும் பாயிண்டில் பெரியதும் சொருகலாம், சின்னதும் சொருகலாம். அந்தப் பழக்கத்தில் 'தென்னாப்பிரிக்காவிலும் நம்ம பிளக்தானாம்' என்று கேள்விப்பட்டு லேப்டாப் சார்ஜரை அப்படியே எடுத்துப் போவார்கள். அங்கே பெரிய ஓட்டை பெரிய பின்னுக்கு மட்டும்தான். தென்னாப்பிரிக்காவில் டி வகையும் உண்டு என்று பல பட்டியல்களில் இருக்கும். அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

அறுகோணக் குழி (என்). தென்னாப்பிரிக்காவின் புதிய வகை. சுவரில் சின்னதாக, நீண்ட அறுகோணமாக ஒரு குழி, அதற்குள் மூன்று சிறு ஓட்டைகள். 2018இலிருந்து புதிதாக வயரிங் செய்யும் கட்டடங்களில் இது இருந்தாக வேண்டும் என்பது விதி. அதனால் புது விடுதிகளில் ஒரே பலகையில் பெரிய வட்ட ஓட்டை ஒன்று, பக்கத்தில் இந்தக் குழி ஒன்றோ இரண்டோ பார்க்கலாம். நான்கு மில்லிமீட்டர் பின் உள்ள, தட்டையான ஐரோப்பிய இரண்டு பின் பிளக் இந்தக் குழியில் அழகாக உட்காரும். நம் ஊர்ப் போன் சார்ஜர்கள் பலவற்றில் பின் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் சார்ஜரின் உடம்பு குண்டாக இருந்தால் குழிக்குள் இறங்காது. என் போன் சார்ஜர் அப்படித்தான் பாதியில் நின்றுகொண்டு, லாரி ஒன்று தெருவில் போனால்கூட சார்ஜ் விட்டு விட்டு ஏறியது.

சதுரப் பின் (ஜி). சிங்கப்பூர், மலேசியா, துபாய் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலும் இப்போது இதுதான் தரநிலை. 13 ஆம்ஸ், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும்.

ஐரோப்பிய வட்ட முகம் (எஃப்). வட்டமான ஆழக் குழி, உள்ளே இரண்டு ஓட்டை, ஓரங்களில் எர்த்துக்கான உலோகப் பட்டை. மொசாம்பிக்குக்கும் அங்கோலாவுக்கும் போனால் மட்டும் இதைப் பற்றிக் கவலைப்படலாம்.

படி 3: உங்கள் பாதையை வைத்து முடிவு செய்யுங்கள்

தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி, நமீபியா நான்கும் பெரிய வட்டப் பின் நாடுகள். லெசோத்தோ தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் இருக்கிற நாடு. நமீபியா 1990இல் விடுதலை அடையும் வரை தென்னாப்பிரிக்காவின் ஆளுகையில் இருந்தது. பிளக் மாறாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஜிம்பாப்வே, சாம்பியா, மலாவியில் சதுரப் பின். போட்ஸ்வானாவில் இரண்டும் உண்டு. ஒரே விடுதியில் வரவேற்பறையில் ஒன்று, படுக்கையறையில் மற்றொன்று என்று இருந்தாலும் திகைக்க வேண்டாம்.

மொசாம்பிக் 1975 வரை போர்ச்சுகல் ஆண்ட நாடு, அதனால் ஐரோப்பிய பிளக். தென்னாப்பிரிக்க எல்லையை ஒட்டிய மபூட்டோ பக்கம் பெரிய வட்டப் பின்னும் கண்ணில் படும். அங்கோலாவிலும் போர்ச்சுகல் விட்டுப்போன ஐரோப்பிய பிளக்தான்.

நம்மவர்கள் அதிகம் போவது இப்படி ஒரு பாதையில்: ஜோகன்னஸ்பர்க், க்ரூகர் காடு, அப்புறம் விக்டோரியா அருவி, முடிந்தால் போட்ஸ்வானாவின் சோபே காட்டில் யானை. க்ரூகர் வரைக்கும் வட்டப் பின். அருவிக்கு ஜிம்பாப்வே பக்கம் போனாலும் சாம்பியாவின் லிவிங்ஸ்டன் பக்கம் போனாலும் சதுரப் பின். 2021இல் திறந்த கசுங்குலா பாலம் போட்ஸ்வானாவையும் சாம்பியாவையும் இணைக்கிறது. ஜாம்பெசி ஆற்றைத் தாண்ட சில நிமிடம்தான், ஆனால் அக்கரைக்கு வேறு பிளக் வேண்டியிருக்கலாம். ஆகவே இந்தப் பாதைக்கு இரண்டு வகை அடாப்டர் கட்டாயம்.

படி 4: தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள்

விமான நிலையக் கடையில் விலை உயர்ந்த பயண அடாப்டர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடையில் 'கன்வர்ஷன் பிளக்' என்று கேட்டால் கிடைக்கும். முன்பக்கம் பெரிய 15 ஆம்ஸ் பின், பின்பக்கம் சின்ன பிளக்கைச் சொருக ஓட்டைகள். ஏசி பாயிண்டில் சின்னச் சாமானைப் போடுவதற்காக விற்கிறார்கள். நமக்கு அது தென்னாப்பிரிக்க அடாப்டர். இரண்டு வாங்குங்கள். ஒன்றை மறந்து விட்டுவிடுவீர்கள்.

வாங்கும்போது மூன்று பின்னும் பித்தளையாக இருக்கிறதா, ஆட்டினால் கலகலவென்று ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் பின் இல்லாத, இரண்டு பின் மட்டும் உள்ள மலிவான வகை வேண்டாம். எர்த் கிடைக்காது என்பது ஒரு பக்கம். நீளமான எர்த் பின் முதலில் உள்ளே போய்த்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடியைத் திறக்கும். அது இல்லாவிட்டால் பிளக் உள்ளேயே போகாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டாவது பயணத்திலிருந்து நான் செய்வது இதைத்தான். மூன்று நான்கு பாயிண்டும் யூஎஸ்பி போர்ட்டும் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் உள்ள சின்ன பிளக்கை வெட்டிவிட்டு 15 ஆம்ஸ் பிளக் டாப் மாட்டிக்கொள்வது.

"அண்ணே, பதினஞ்சு ஆம்ஸ் பிளக் டாப் ஒண்ணு குடுங்க."

"ஏசிக்கா, கீசருக்கா?"

"ஆப்பிரிக்காவுக்குண்ணே."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் ஒயரைச் சீவி அவரே மாட்டிக் கொடுத்தார். பச்சை ஒயர் பெரிய பின்னுக்கு, சிவப்பு வலது கைப் பக்கப் பின்னுக்கு என்று சொல்லிச் சொல்லித்தான் முறுக்கினார். பின்கள் நம்மைப் பார்த்து, எர்த் மேலே இருக்கும்படி பிடித்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் கண்ணை நம்பாமல் பிளக் டாப்பின் உள்ளே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். ஒயரிங் தெரியாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை முக்கியம். தென்னாப்பிரிக்க பிளக்கில், சதுரப் பின்னில் இருப்பது போல ஃபியூஸ் கிடையாது. சுவருக்குப் பின்னால் இருக்கும் பிரேக்கர் பெரும்பாலும் 20 ஆம்ஸ். உங்கள் மெல்லிய ஒயர் உருகினாலும் அந்த பிரேக்கர் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆகவே பாக்ஸிலேயே ஃபியூஸோ டிரிப் பட்டனோ இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் சார்ஜர் மட்டும்தான், வேறெதுவும் கிடையாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சதுரப் பின் நாடுகளுக்கு நம் ஊரில் 'யூகே அடாப்டர்' என்று விற்பதே போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாற்றியவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். அதன் பெரிய பின் யூகே அடாப்டரில் நுழையாது. எனவே விக்டோரியா அருவியும் பாதையில் இருந்தால், பாக்ஸின் சின்ன பிளக்கை வெட்டாமல் வைத்துக்கொண்டு, கன்வர்ஷன் பிளக் ஒன்று, யூகே அடாப்டர் ஒன்று என்று எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்குக் கதை தலைகீழ். ஜிம்பாப்வேயிலும் சாம்பியாவிலும் உங்கள் பிளக் அப்படியே போகும், தென்னாப்பிரிக்காவுக்குத்தான் அடாப்டர் வேண்டும். இலங்கையில் பழைய வீடுகளில் வட்டப் பின் 15 ஆம்ஸ் பாயிண்ட் இன்னும் இருக்கும். அதற்காக வாங்கிய அடாப்டர் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

எதுவும் வாங்காமல் விமானம் ஏறிவிட்டீர்களா? பதற வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் அடாப்டர் தொங்கும். அங்கே இறக்குமதியாகும் சாமான்கள் பலவற்றில் ஐரோப்பிய பிளக் இருப்பதால் உள்ளூர்க்காரர்களுக்கே அடாப்டர் இல்லாமல் பொழுது போகாது. 'மல்டிபிளக்' என்று கேளுங்கள். ஆனால் அங்கே விற்பவை பெரும்பாலும் ஐரோப்பிய பிளக்கை ஏற்பவை. நம் சின்ன மூன்று பின்னுக்கு ஏற்றது எல்லாக் கடையிலும் இருக்காது. கையோடு சார்ஜரை எடுத்துப் போய் சொருகிப் பார்த்து வாங்குங்கள்.

படி 5: ரைஸ் குக்கர் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

குடும்பத்தோடு போகிறவர்கள் குட்டி ரைஸ் குக்கரும் கெட்டிலும் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். தப்பில்லை. க்ரூகர் காட்டுக்குள் சாம்பார் பொடியோடு வந்த ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். வாசனைக்கே போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

கணக்கு இவ்வளவுதான்: வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்ஸ். 700 வாட் குக்கர் மூன்று ஆம்ஸ் இழுக்கும். 6 ஆம்ஸ் கன்வர்ஷன் பிளக் அதைத் தாங்கும். 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்ஸ், தாங்காது. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு கிட்டத்தட்ட ஒன்பது ஆம்ஸ், அதற்கு அடாப்டரே கூடாது. தட்டையான ஐரோப்பிய இரண்டு பின் பிளக் வெறும் 2.5 ஆம்ஸுக்கானது. அதாவது 575 வாட், எர்த்தும் கிடையாது. அதில் குக்கரைப் போடாதீர்கள்.

குக்கரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஸ்விட்சை அணைத்து, அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றாலோ, மீன் கருகியது போல ஒரு வாடை வந்தாலோ அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படி 6: அறைக்குள் நுழைந்ததும்

தென்னாப்பிரிக்க பாயிண்டில் நம் ஊர் போலவே பக்கத்தில் ஸ்விட்ச் இருக்கும். கீழே அழுத்தினால் ஆன். அடாப்டரைப் போட்டுவிட்டு சார்ஜ் ஏறவில்லை என்று வரவேற்பறைக்கு ஓடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சில அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் சிவப்பு நிற பாயிண்ட் இருக்கும். மூன்று ஓட்டையும் அதே அளவுதான், ஆனால் எர்த் ஓட்டையின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கம்ப்யூட்டர் போன்றவற்றுக்காகத் தனி லைனில் போட்டது. சாதாரண பிளக் அதில் போகக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அமுக்கி உடைக்க வேண்டாம், பக்கத்தில் வெள்ளை பாயிண்ட் இருக்கும்.

சதுரப் பின் நாடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. மேல் ஓட்டையில் பேனாவை நுழைத்து மூடியைத் திறந்து, இரண்டு பின் சார்ஜரைக் கீழே சொருகுவது. வளைகுடாவில் இருந்த நம்மவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வேலை செய்யும்தான். ஆனால் வட்டப் பின் சதுர ஓட்டைக்குள் ஓரமாக மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், தீப்பொறி பறக்கும். ஒரு அடாப்டரின் விலைக்காக அடுத்தவர் வீட்டுச் சுவரைக் கருக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்க வீடுகளில் எர்த் லீக்கேஜ் டிரிப் (மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். ஈரமான அயர்ன் பாக்ஸைச் சொருகி வீட்டின் எல்லா பாயிண்டும் ஒன்றாக அணைந்தால், அதுதான் தன் வேலையைச் செய்திருக்கிறது. சாமானைக் கழற்றிவிட்டு மெயின் போர்டில் அந்த லீவரை மேலே தள்ளினால் திரும்பி வரும். மறுபடி விழுந்தால் அந்தச் சாமானை மறந்துவிடுங்கள்.

தனி வீடு வாடகைக்கு எடுத்தால் ப்ரீபெய்டு மீட்டரா என்று கேளுங்கள். போனுக்கு ரீசார்ஜ் செய்வது போலக் காசு கட்டினால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டரில் தட்ட வேண்டும். ஞாயிறு இரவு யூனிட் தீர்ந்து, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு இருபது எண்ணைத் தட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். சாவி வாங்கும்போதே எத்தனை யூனிட் மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: கரண்ட் கட்

நமக்குப் பழகிய 'லோட் ஷெடிங்' என்ற சொல்தான் அங்கேயும். தென்னாப்பிரிக்காவில் அதை ஸ்டேஜ் ஒன்று, ஸ்டேஜ் இரண்டு என்று எண் போட்டு அறிவிப்பார்கள். எண் கூடக் கூட இருட்டு கூடும். 2023 மிக மோசமான வருடம். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை வெகுவாகத் தேறியது. ஆனாலும் 'எஸ்காம்செபுஷ்' என்ற ஆப்பைப் போனில் வைத்திருங்கள், எந்தப் பகுதிக்கு எப்போது கட் என்று சொல்லிவிடும். சாம்பியாவும் ஜிம்பாப்வேயும் ஜாம்பெசி ஆற்றின் கரீபா அணையை நம்பியிருப்பவை. 2024 வறட்சியில் அணை வற்றியபோது சாம்பியாவில் நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லாமல் கிடந்தது. கிளம்பும் முன் அந்த வருட மழையைப் பற்றி விசாரிப்பது பயணிக்கும் நல்லதுதான்.

கரண்ட் போனதும் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். போகிறபோது ஒன்றும் ஆகாது, திரும்பி வருகிற அந்த நொடியில்தான் வோல்டேஜ் எகிறும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போதும். அது 74 வாட்-மணி, விமானத்தின் 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும். கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது.

படி 8: காட்டு விடுதியும் காரும்

க்ரூகரில் ஸ்குகுசா, சதாரா போன்ற பெரிய முகாம்களின் குடில்களில் பாயிண்ட் உண்டு. பலூலே போன்ற சின்ன முகாமில் கரண்டே கிடையாது, விளக்குதான். கூடாரம் அடிக்கிறவர்களுக்கான இடத்தில் கம்பத்தில் நீல நிற, மூடி போட்ட வட்ட சாக்கெட் இருக்கும். அது கேரவன் பிளக்குக்கானது, நம் அடாப்டர் எதுவும் போகாது. அதற்கான லீடை (இணைப்பு ஒயரை) அங்கேயே கூடாரச் சாமான் வாடகைக்குத் தருகிறவரிடம் கேளுங்கள்.

தனியார் காட்டு விடுதிகள் பல சோலாரில் ஓடுகின்றன. ஹேர் டிரையர், கெட்டில் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், கேலியாக எடுக்காதீர்கள். ஒருவர் போட்டால் எல்லா அறையும் அணையும். சில இடங்களில் சார்ஜ் செய்ய உணவுக்கூடத்தில் ஒரே ஒரு மேசைதான். தூங்கும்போது மூச்சுக்கு மெஷின் வைக்கிற அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், இரவு முழுக்க கரண்ட் உண்டா என்று புக் செய்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நமீபியாவில் காரோட்டிப் போகிறவர்களுக்கு உண்மையான பாயிண்ட் காரில்தான். 12 வோல்ட் சிகரெட் லைட்டர் ஓட்டையில் போடும் நல்ல இரட்டை போர்ட் சார்ஜர் ஒன்று, அடாப்டர் மூன்றுக்குச் சமம். காலையில் கிளம்பி மாலையில் எட்டோஷா வனவிலங்குப் பூங்கா சேர்வதற்குள் போனும் கேமராவும் நிரம்பியிருக்கும்.

இனி அந்த டிராயர். முதல் இரவு விடுதி அம்மா திறந்தபோது உள்ளே இருபது முப்பது அடாப்டர்கள் கிடந்தன. ஜெர்மன், அமெரிக்க, சீன, நம் ஊர் என்று எல்லாம் விருந்தினர்கள் சுவரிலேயே விட்டுப்போனவை. ஊர் திரும்புகிற அன்று கடைசி இரவுக்கு மறுபடி அதே விடுதிக்கு வந்தேன். அவர் கொடுத்ததை மறக்காமல் திருப்பிக் கொடுத்தேன். விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. லிவிங்ஸ்டனுக்கு என்று ஊரிலிருந்து கொண்டுபோன யூகே அடாப்டர், போன் சார்ஜரோடு அவர் வீட்டு மேசையிலேயே இருக்கிறது.